பம்பு செட்டுக்கு எர்த்து ஒன்று மட்டும் போதுமா?

மின்கம்பியின் மேல் காக்கை உட்கார்ந்திருப்பதைப் பார்க்காத விவசாயி இருக்க முடியாது. அது 11,000 வோல்ட் கம்பியானாலும் காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லை. அதே காக்கை எழும்பும்போது சிறகு பக்கத்துக் கம்பியில் பட்டாலோ, கம்பத்தின் இரும்புக் குறுக்குச் சட்டத்தில் பட்டாலோ மறுகணமே கருகி விழுகிறது. மயிலும் பழந்தின்னி வௌவாலும் இப்படி மாள்வதைத் தோட்டக்காரர்கள் அடிக்கடி காண்கிறார்கள். ஒரே கம்பியில் இரண்டு கால்களும் இருக்கும்வரை கால்களுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு இல்லை. வேறுபாடு இல்லாத இடத்தில் உடலின் வழியே மின்சாரம் பாய்வதும் இல்லை. மின்சாரம் உள்ள பொருளைத் தொட்டதால் மட்டும் உயிர் போவதில்லை. வெவ்வேறு மின்னழுத்தமுள்ள இரண்டு பொருள்களை ஒரே நேரத்தில் தொடுவதால்தான் போகிறது.

பம்பு செட் விபத்துகளைப் புரிந்துகொள்ள இந்தக் காக்கைக் கணக்கு போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவில் மும்முனை மின்சாரம் வருகிறது. விவசாயி வெறுங்காலோடு வரப்பில் நடந்து, நனைந்த உடம்போடு மோட்டார் அறைக்குள் நுழைந்து, ஸ்டார்ட்டர் பெட்டியில் கை வைக்கிறார். மோட்டாரின் சுருள் எங்கோ நைந்து உடலோடு ஒட்டியிருந்தால் அந்தப் பெட்டி ஒரு மின்னழுத்தத்திலும், அவர் கால் ஊன்றிய ஈர மண் வேறொரு மின்னழுத்தத்திலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே பாலமாக நிற்பவர் அவர்தான். இழுத்துக் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மாட்டிக்கொண்டு ஒரே வீட்டில் இரண்டு உயிர் போவதும் நடக்கிறது.

"எங்கள் மோட்டாருக்குத்தான் எர்த்து போட்டிருக்கிறதே" என்பது பெரும்பாலான விவசாயிகள் சொல்லும் பதில். எர்த்து எனப்படும் நில இணைப்பு அவசியம் என்பதில் இரண்டாவது கருத்து கிடையாது. மோட்டார் போன்ற கருவிகளின் உலோக உடலுக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நில இணைப்புகள் தரப்பட வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே கூறப்பட்டது. பின்னர் வந்த விதிகளும் அதையே சொல்கின்றன. நடைமுறையோ வேறு. இணைப்பு வாங்கும் நாளில் ஒரு குழாய் அடித்து, ஒரு கம்பியைச் சுற்றி முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. அதன்பின் பத்து, இருபது ஆண்டுகளானாலும் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முறுக்கு துருவேறி உதிர்ந்துபோயிருக்கும். கம்பி மண்ணுக்குள் போவது மட்டும் வெளியே தெரியும். அதைப் பார்த்து எல்லாம் சரியாக இருப்பதாக நம்பப்படுகிறது.

சரியாகப் போட்ட எர்த்தும் தனியாக நின்று எவ்வளவு தூரம் காக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 38 மில்லி மீட்டர் விட்டமும் இரண்டரை மீட்டர் நீளமும் உள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை நடுத்தரமான ஈர மண்ணில் இறக்கினால், அதன் மின்தடை ஏறத்தாழ 18 ஓம் வரும். மின்மாற்றியடியில் உள்ள நில இணைப்பின் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். மோட்டாரின் உடலில் ஒரு முனை ஒட்டிவிட்டால் மின்சாரம் எர்த்துக் குழாய் வழியே மண்ணுக்குள் இறங்கி, மண் வழியே மின்மாற்றிக்குத் திரும்ப வேண்டும். மொத்தத் தடை 23 ஓம். 230 வோல்ட்டை 23ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் முழுப் பாரத்தில் சாதாரணமாக எடுப்பதே ஏழரை ஆம்பியர். அதற்காகப் பீஸ் கட்டையில் 15 ஆம்பியர் தாங்கும் கம்பி போடப்பட்டிருக்கிறது. 10 ஆம்பியருக்கு அது எரிந்து போகுமா? போகாது.

ஆகவே பீஸ் போகாமல், மோட்டாரும் நிற்காமல், அந்தக் கசிவு நாள் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மோட்டாரின் உடலில் இருக்கும் மின்னழுத்தம் 10 ஆம்பியரை 18 ஓமால் பெருக்கினால் கிடைக்கும் 180 வோல்ட். ஈரமான உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அதில் 180 வோல்ட் பட்டால் பாயக்கூடியது 180 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியருக்கே பிடித்த கையை விட முடியாமல் தசைகள் இறுகிவிடும். 30 மில்லி ஆம்பியர் சில நொடிகள் மார்பின் வழியே பாய்ந்தால் இதயத்தின் துடிப்புச் சீர் குலையலாம். எர்த்து விதிப்படி போடப்பட்டிருந்தும் ஆள் பிழைக்க வழியில்லாத நிலை இது. பீஸ் கம்பிக்குப் பதிலாக அலுமினியக் கம்பியில் நான்கு இழையைப் பிரித்துக் கட்டும் தோட்டங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஸ்டார்ட்டரில் ஓவர்லோட் ரிலே இருக்கிறது, ஒரு முனை போனால் நிறுத்தும் கருவி இருக்கிறது என்று ஆறுதல் கொள்பவர்களும் உண்டு. அவை மோட்டாரின் சுருள் எரியாமல் காக்க வந்தவை. மண்ணுக்குள் கசியும் மின்சாரத்தைக் கண்டுகொள்வது அவற்றின் வேலை அன்று.

கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி

கசிவு மின்துண்டிப்பான் அந்த வேலைக்கென்றே உள்ள கருவி. கடைகளில் இ.எல்.சி.பி. என்றும் இப்போது ஆர்.சி.சி.பி. என்றும் கேட்டு வாங்கலாம். போன மின்சாரம் முழுவதும் கம்பி வழியாகவே திரும்புகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். சிறிதளவு மண் வழியே தப்பினாலும் கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். மனிதர் தொடும் இடங்களுக்கு 30 மில்லி ஆம்பியர் கருவியே ஏற்றது. ஆழ்துளைக் கிணற்றுக்குள் நீளமான கேபிள் இறங்கும் பம்புகளில் இயல்பாகவே சிறு கசிவு இருக்கும் என்பதால் அங்கு 100 மில்லி ஆம்பியர் கருவி போடுவதுண்டு.

இந்தக் கருவி வந்தபின் மேலே கண்ட கணக்கு எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். 100 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்புப் போய்விடும் என்றால், அந்த அளவில் 18 ஓம் எர்த்தின் மேல் நிற்கக்கூடிய மின்னழுத்தம் 1.8 வோல்ட். பாறைப்பாங்கான நிலத்தில் எர்த்தின் தடை 100 ஓம் ஆக இருந்தாலும் 10 வோல்ட்தான். எர்த்து சுமாராக இருந்தாலும் இந்தக் கருவி ஈடுகட்டிவிடுகிறது. ஆனால் எர்த்தே இல்லாவிட்டால், ஒருவர் தொட்டு அவர் உடல் வழியே மின்சாரம் பாயும்வரை கருவிக்குச் சேதி தெரியாது. அவர் உடலைச் சோதனைப் பொருளாக வைத்துத்தான் அது துண்டிக்கும். 100 மில்லி ஆம்பியர் கருவியை அந்த நிலையில் நம்பவே கூடாது. இரண்டும் சேர்ந்துதான் முழுப் பாதுகாப்பு.

"போட்டுப் பார்த்தோம், அடிக்கடி விழுந்துவிடுகிறது, கழற்றிவிட்டோம்" என்று கூறும் விவசாயிகளின் எண்ணிக்கை குறைவன்று. கருவி விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் இருக்கும். ஆழ்துளைக் கிணற்றுக்குள் கேபிள் இணைத்த இடத்தில் நீர் புகுந்திருக்கலாம். அதைவிட அதிகமாகக் காணப்படுவது, எர்த்தை நியூட்ரலாக வைத்து விளக்கு எரிக்கும் பழக்கம். மோட்டார் அறைக்கு மூன்று முனைகள் மட்டும் வரும் இடங்களில் ஒரு முனையிலிருந்து ஒரு கம்பியும் எர்த்திலிருந்து ஒரு கம்பியும் எடுத்துப் பல்பு போட்டுக்கொள்கிறார்கள். பல்பு நன்றாகவே எரியும். எர்த்துக் கம்பி குழாய்க்கு அருகே அறுந்த அன்று அந்தப் பல்பின் வழியே வந்த மின்சாரம் மோட்டார், ஸ்டார்ட்டர், இரும்புக் குழாய் எல்லாவற்றின் மீதும் ஏறி நிற்கும். இந்தத் தவறு தொடரும் தோட்டத்தில் கசிவுத் துண்டிப்பான் நிற்கவே நிற்காது. குற்றம் கருவியின் மேல் இல்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நியூட்ரல் வரும் இடங்களில் எர்த்துக் குழி தோண்டச் சோம்பிக்கொண்டு மோட்டாரின் உடலை நியூட்ரலோடு கட்டிவிடுவார்கள். காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்தால் மோட்டாரின் உடலே மின்கம்பி ஆகிவிடும்.

எல்லா இரும்பையும் ஒன்றாகப் பிணைத்தல்

எர்த்தும் துண்டிப்பானும் போக மூன்றாவது ஒன்று இருக்கிறது. தொழிற்சாலைகளில் அதைக் கட்டாயமாகச் செய்கிறார்கள். தோட்டங்களிலோ அதன் பெயரே தெரியாது. கைக்கு எட்டும் தூரத்தில் உள்ள உலோகப் பொருள்கள் அனைத்தையும் ஒன்றோடொன்று கம்பியால் இணைத்துவிடுவதற்குச் சம மின்னழுத்தப் பிணைப்பு என்று பெயர். மெயின் சுவிட்சுப் பெட்டி, ஸ்டார்ட்டர், கன்டென்சர் பெட்டி, மோட்டார், பம்பு, நீரை வெளித்தள்ளும் இரும்புக் குழாய், ஆழ்துளைக் கிணற்றின் இரும்பு உறைக்குழாய், அறையின் இரும்புக் கதவு, தகரக் கூரையின் சட்டம் ஆகிய எல்லாம் இதில் அடங்கும். கசிவு ஏற்பட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே மின்னழுத்தத்துக்கு உயரும். ஒரு கை ஸ்டார்ட்டரிலும் மறு கை குழாயிலும் வைத்திருக்கும் ஆள், ஒரே கம்பியில் அமர்ந்த காக்கையைப் போல ஆகிவிடுகிறார்.

பல தோட்டங்களில் ஸ்டார்ட்டருக்கு ஓர் எர்த்து, மோட்டாருக்குப் பத்தடி தள்ளி இன்னோர் எர்த்து என்று போட்டுவிட்டு, இரண்டையும் இணைக்காமல் விட்டிருக்கிறார்கள். விதியில் கேட்ட இரண்டு எர்த்தும் இருக்கிறதே என்று வயர்மேன் சொல்லக்கூடும். மோட்டாரில் கசிவு வந்தால் மோட்டார் 180 வோல்ட்டுக்கு ஏறும், ஸ்டார்ட்டர் ஏறாமல் நிற்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு குழாய்கள் அடிக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு கருவியிலிருந்தும் இரண்டு கம்பிகள் இறங்கத்தான் வேண்டும். ஆனால் எல்லாம் ஒரே வளையமாகச் சேர வேண்டும்.

இதற்கு 8ஆம் நம்பர் ஜி.ஐ. கம்பி போதுமானது. கம்பியை முறுக்கிக் கட்டாமல், முனையில் கண்ணி வைத்து, வாஷரோடு போல்ட்டும் நட்டும் போட்டு முடுக்க வேண்டும். பெயிண்ட் பூசிய இடத்தைச் சுரண்டிவிட்டு இணைத்து, மேலே கிரீஸ் தடவினால் துரு ஏறாது. மோட்டார் அறைக்குப் புதிதாகத் தளம் போடுவோர் காங்கிரீட்டுக்குள் ஒரு வெல்டு மெஷ் விரித்து அதையும் இந்த வளையத்தோடு சேர்த்துவிட்டால், நிற்கும் தரையும் கருவிகளோடு சம நிலைக்கு வந்துவிடும். பழைய அறையாயின் ஸ்டார்ட்டரின் முன் உலர்ந்த மரப்பலகையோ ரப்பர் விரிப்போ போட்டுக்கொள்வது அடுத்தபடியாக நல்லது.

இந்தப் பிணைப்பு முன்னெப்போதையும்விட இப்போது தேவைப்படுவதற்கு ஒரு காரணம் பிளாஸ்டிக் குழாய். அந்தக் காலத்தில் கிணற்றுக்குள் இறங்கிய இரும்புக் குழாய், யாரும் சொல்லாமலே மோட்டாரை நீரோடும் மண்ணோடும் இணைத்துவந்தது. எர்த்துக் கம்பி அறுந்திருந்த எத்தனையோ பம்பு செட்டுகளை அந்தக் குழாய்தான் காத்தது. இன்று உறைக்குழாய் பி.வி.சி., மேலேற்றும் குழாய் கருப்புப் பிளாஸ்டிக். துரு இல்லை, விலை குறைவு, நீரோட்டமும் எளிது. மாறியதில் தவறில்லை. ஆனால் இரும்போடு போன எர்த்தை யாரும் ஈடுசெய்யவில்லை. நீர்மூழ்கி மோட்டாருக்கு மூன்று கம்பியுள்ள தட்டைக் கேபிள் மட்டும் இறக்கப்படுகிறது. அதன் உடலுக்கென்று தனி எர்த்துக் கம்பி இறங்குவது அரிது. புதிதாகக் கேபிள் வாங்குவோர் நான்கு கம்பியுள்ளதைக் கேட்டு வாங்கி, நான்காவதை மோட்டார் உடலோடும் மேலே எர்த்து வளையத்தோடும் இணைக்க வேண்டும்.

எர்த்துக் குழி

குழியைப் பற்றி ஓரிரு சொல். இந்தியத் தர நிர்ணயப் பணியகத்தின் ஐ.எஸ். 3043 என்ற நெறிமுறை, ஜி.ஐ. குழாயின் விட்டம் 38 மில்லி மீட்டருக்கும் நீளம் இரண்டரை மீட்டருக்கும் குறையக் கூடாது என்கிறது. கட்டடச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். இரண்டு குழாய்களுக்கிடையே குறைந்தது ஒரு குழாயின் நீளமாவது இடைவெளி தேவை. அருகருகே அடித்தால் இரண்டாவது குழாயால் பயன் குறைவு. கரியும் உப்பும் போடுவது பழக்கத்தில் உள்ளது. உப்பு மழையில் கரைந்து போய்விடும், குழாயையும் அரிக்கும். ஆகையால் ஒருமுறை போட்டதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட முடியாது.

மண்ணைப் பொறுத்தும் வேறுபாடு உண்டு. காவிரிக் கழிமுகத்தின் ஈரக் களிமண்ணில் ஒரு குழாய் கொடுக்கும் பலனைச் செம்மண் சரளையில் மூன்று குழாய்கள் கொடுத்தால் பெரிது. கோவில்பட்டி வட்டாரக் கரிசலில் தடை பொதுவாகக் குறைவுதான். ஆனால் சித்திரை வெயிலில் கரிசல் வெடித்துக் குழாயை விட்டு விலகிவிடும். பாய்ச்சும் வாய்க்காலின் ஓரத்தில் குழியை அமைத்தால் பயிருக்குப் போகும் நீரே எர்த்தையும் நனைத்துக்கொண்டு போகும். அதற்கு வழியில்லாதவர்கள் கோடையில் வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவர வேண்டும்.

எர்த்து நன்றாக இருக்கிறதா என்று பார்க்க டெஸ்ட் பல்பு போட்டுக் காட்டும் வழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. 100 வாட் பல்பின் தடையே 500 ஓமுக்கு மேல். எர்த்தின் தடை 100 ஓம் ஆக இருந்தாலும் பல்புக்கு 190 வோல்ட் கிடைத்து அது பளிச்சென்றுதான் எரியும். பல்பு எரிந்தால் கம்பி அறுந்துபோகவில்லை என்று மட்டும் தெரியும். நல்ல எர்த்து என்று அதற்குப் பொருள் இல்லை. தடையை அளக்க எர்த்து டெஸ்டர் என்ற கருவிதான் வேண்டும்.

மாட்டுக் கொட்டகையிலும்

கால்நடை வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாட்டின் உடல் தடை மனிதனுடையதைவிடக் குறைவு. அது ஏறத்தாழ 500 ஓம் என்று கணக்கிடப்படுகிறது. குளம்பு எப்போதும் ஈரத்தில் இருக்கிறது. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளியும் அதிகம். ஒன்று, இரண்டு வோல்ட் வேறுபாட்டையே மாடு உணர்ந்துவிடும். கறவை மாட்டுப் பண்ணைகளில் இந்தச் சிறு கசிவுகளால் வரும் தொல்லை அமெரிக்காவில் விரிவாக ஆராயப்பட்டு, அந்நாட்டு வேளாண்மைத் துறை 1991இல் ஒரு தனிக் கையேடே வெளியிட்டது. அறிகுறிகள் எளிமையானவை. தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கத் தயங்குவது, நக்கி நக்கிக் குடிப்பது, கறவை இடத்துக்குள் வர மறுப்பது, கறக்கும்போது நிலைகொள்ளாமல் காலை மாற்றுவது ஆகியவை. இதற்கெல்லாம் வேறு நோய்க் காரணங்களும் இருக்கலாம். ஆயினும் இரும்புத் தொட்டியோ குழாயோ மோட்டாரோடு தொடர்புள்ள இடத்தில் மின்கசிவையும் சந்தேகிக்க வேண்டும். எர்த்தை நியூட்ரலாக வைத்து 100 வாட் பல்பு எரித்தால் 18 ஓம் குழாயின் மேல் எட்டு வோல்ட் நிற்கும். அதில் ஒரு பங்கு தொட்டிக்கும் தரைக்கும் நடுவே விழுந்தாலும் மாட்டுக்குத் தெரிந்துவிடும். கொட்டகைக்குத் தளம் போடும்போது வலைக்கம்பி விரித்துத் தூண், தொட்டி, கட்டுத்தறி இரும்பு எல்லாவற்றையும் அதோடு பிணைத்துவிடுவதே நிலையான பரிகாரம். தளம் போட்ட பிறகு இதைச் செய்வதானால் உடைத்துப் போட வேண்டியிருக்கும்.

மின்னணுக் கருவிகளும் "தனி எர்த்து"ம்

கைப்பேசியால் இயக்கும் ஸ்டார்ட்டர், சொட்டு நீர்ப் பாசனத்துக்கான தானியங்கிக் கருவி, சூரிய சக்திப் பம்பின் கன்ட்ரோலர் ஆகியவை சிறு தோட்டங்களுக்குள்ளும் வந்துவிட்டன. 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்திலும் விவசாயிகள் சூரிய சக்திப் பம்புகள் பெற்றிருக்கிறார்கள். இக்கருவிகள் ஓர் இடி மழைக்குள் எரிந்துபோவதுதான் பெரிய குறை. எரிந்ததும் விற்றவர் வந்து, "இது நுட்பமான கருவி, இதற்குத் தனி எர்த்து போட வேண்டும், மோட்டார் எர்த்தோடு சேர்க்கவே கூடாது" என்று சொல்லிவிட்டுப் போகிறார். இந்த யோசனை தவறானது. விவசாயிக்கு இருமுறை நட்டம் தருவது.

இடி விழும்போது நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். ஒரு மின்னலில் 20,000, 30,000 ஆம்பியர் பாயும். அது எங்கோ லைனில் விழுந்து, அதில் 500 ஆம்பியர் மட்டும் மோட்டார் எர்த்தின் வழியே இறங்குவதாக வைத்துக்கொண்டாலும், 18 ஓமில் 9,000 வோல்ட் எழும். மோட்டார், ஸ்டார்ட்டர், அதற்குச் செல்லும் கம்பிகள் எல்லாம் அந்தக் கணத்தில் 9,000 வோல்ட்டில் நிற்கும். பத்தடி தள்ளி அடித்த "தனி எர்த்து" பெரும்பாலும் கீழேயே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஐந்து வோல்ட்டில் வேலை செய்யும் ஒரு சிறு மின்னணுப் பலகை. அது எப்படித் தப்பும்? அதுவும் மோட்டாரும் ஒரே வளையத்தில் குட்டைக் கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தால் 9,000 வோல்ட்டுக்கு எல்லாம் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கியிருக்கும். தொழிற்சாலைகளில் மின்னணுக் கருவிகளுக்குத் தனி எர்த்து என்ற பழைய எண்ணம் கைவிடப்பட்டு, எல்லாவற்றையும் ஒரே வலையாகப் பிணைக்கும் முறை வந்ததும் இதனால்தான்.

மின்சாரம் நுழையும் இடத்தில் மிகை மின்னழுத்தத் தடுப்பான் பொருத்தி, அதன் எர்த்துக் கம்பியை இயன்றவரை குட்டையாகவும் வளைவு இல்லாமலும் அதே வளையத்தில் சேர்க்க வேண்டும். சூரியத் தகடுகளின் சட்டங்களையும் தாங்கும் இரும்புக் கால்களையும் கன்ட்ரோலரின் உடலோடு இணைக்க வேண்டும். வயலின் கோடியில் உள்ள ஈரமானிக்கு நீளமான கம்பி இழுத்தால், அது அந்தக் கோடியின் மின்னழுத்தத்தைக் கருவிக்குள் கொண்டுவந்துவிடும். அத்தகைய கம்பியை இடி முழங்கத் தொடங்கியதும் கழற்றிவைப்பது உசிதம். கன்ட்ரோலர் உள்ள இணைப்பில் எல்லாக் கசிவுத் துண்டிப்பானும் சரியாக வேலை செய்யாது. எந்த வகை பொருந்தும் என்று கருவியின் கையேட்டைப் பார்த்தே வாங்க வேண்டும்.

உண்மையிலேயே தனி எர்த்து கேட்கும் கருவி ஒன்று உண்டு. விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பும் வேலிக் கருவிதான் அது. அதன் எர்த்துக் குழாய், மின் இணைப்பின் எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். வேலியில் வரும் துடிப்பு வீட்டுக் குழாய்களில் ஏறாதிருக்கவே இந்த ஏற்பாடு. பன்றிக்குப் பயந்து வேலிக் கம்பியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது குற்றம். அடுத்த தோட்டத்துக்காரரும் ஆடு மேய்க்கும் பிள்ளைகளும் அதற்குப் பலியாகிறார்கள்.

இதையெல்லாம் விவசாயி ஒருவரே அறிந்து செய்துகொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கிறது. மோட்டாருக்கும் குழாய்க்கும் சூரியத் தகடுக்கும் மானியம் வருகிறது. ஆனால் மானியத்தில் மோட்டார் வாங்கும்போது அதோடு கசிவுத் துண்டிப்பானும் பிணைப்புக் கம்பியும் சேர்த்தே பொருத்தப்பட வேண்டும் என்ற நிபந்தனை கட்டாயமாக வேண்டும். மோட்டார் விலையோடு ஒப்பிட்டால் இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. இணைப்புக் கொடுக்கும் நாளில் பார்த்ததோடு விடாமல், கிணறுகளில் நீர் இறங்கி மண் காய்ந்திருக்கும் பங்குனி, சித்திரையில் ஒருமுறை ஒவ்வொரு பம்பு செட்டின் எர்த்தையும் அளக்க ஏற்பாடு வேண்டும். மழைக்காலத்தில் அளந்தால் எல்லா எர்த்தும் நன்றாகவே தெரியும்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றும் ஓர் எர்த்து டெஸ்டர் வாங்கி வைத்து, ஊரிலுள்ள வயர்மேன் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தால், ஒரு கோடைக்குள் ஊர் முழுவதையும் அளந்துவிடலாம். அதுவரை ஒவ்வொருவரும் தம் மோட்டார் அறையில் இன்றைக்கே பார்க்கக்கூடியவை சில உண்டு. மெயினை நிறுத்திவிட்டு எர்த்துக் கம்பியைக் கையால் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். குழாயோடு சேரும் இடத்தில் அது கையோடு வந்துவிடும் தோட்டங்கள் நிறைய இருக்கும். அறைக்குள் எரியும் பல்பின் இரண்டாவது கம்பி எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்க்க வேண்டும். கசிவுத் துண்டிப்பான் இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழாவிட்டால் கருவி பழுதாகியிருக்கலாம். நியூட்ரல் இல்லாத இணைப்பாக இருந்தால் பொத்தானுக்கு மின்சாரம் வராதபடி பொருத்தப்பட்டிருக்கவும் கூடும். இரண்டில் எது என்று வயர்மேனை அழைத்து அடுத்த மழைக்கு முன் பார்த்துவிட வேண்டும்.